அலை வந்தால் மூடு

பட்டியலின் முதல் வரியில் நூர்தீன் ஸார் வீடு வந்து நின்றதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அந்த வரி மட்டும் நடுவில் எங்கேயாவது ஒளிந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்காமல் விட்டிருந்தால் முத்துத்திட்டின் தெற்கு வரிசையில் பாதி இன்றைக்கு இருந்திருக்காது.

முத்துத்திட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக் கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்த பிறகு, மிச்சமிருந்த சனங்கள் கோபித்துக்கொண்டு கடல் மேலேயே போய்க் குடியேறிய ஊர் அது. மிதக்கும் வீடுகள், மிதக்கும் கோயில், மிதக்கும் மீன் சந்தை, எல்லாம் சங்கிலியால் பிணைத்தது. புயல் வந்தால் ஓடி ஒதுங்கக் கரை கிடையாது. அதனால் ஊரே முக்குளிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வீடுகள் வாசல் மூடியை இறுக மூடிக்கொள்ளும். அலை ஓர் உயரத்தைத் தாண்டியதும் மிதவைகளில் தானாகவே தண்ணீர் ஏறி, மொத்த ஊரும் இரண்டு பனை ஆழம் இறங்கிப் பதுங்கும். மேலே கடல் ஆடி ஓய்ந்ததும் எழும்பி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டின் மூடி மட்டும் திறந்து கிடந்தால்? சங்கிலியில் கட்டிய வீடாயிற்றே, அதுவும் சேர்ந்துதான் இறங்கும். உள்ளே இருப்பவர்கள் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் தோன்றியதிலிருந்து அப்படி ஒரு புயல் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. முதல் முக்குளிப்பு.

ஊரை நடத்தியது ஜாவாஸ்கிரிப்ட். ஆமாம், ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் திரையில் பொத்தானை அமுக்கினால் பெட்டி திறக்க வைத்தார்களே, அந்தப் பழைய மொழியேதான். முத்துத்திட்டு முழுவதும் ஒரே ஒரு வலைப்பக்கம். ஒவ்வொரு வீடும் விளக்கும் பம்பும் அந்தப் பக்கத்தில் ஓர் உறுப்பு. பழைய பக்கங்களில் பொத்தானின் பெயரோடு சேர்த்து ‘ஆன்கிளிக்’ என்று எழுதி, கிளிக் செய்தால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். இங்கே வீட்டின் பெயரோடு ‘ஆன்வேவ்’ என்று எழுதி, பக்கத்தில் ‘மூடு’ என்று குறித்திருக்கும். அலை வந்தால் மூடு. அவ்வளவுதான் விஷயம். ஊர்க்காரர்கள் இதைச் சீட்டு என்பார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட, சீட்டு ஒட்டியாச்சா என்று விசாரிக்காமல் காப்பியைக் கையில் வாங்க மாட்டார்கள்.

பெல்சியா ஊர் ஆபீசில் பக்க எழுத்தர். புயல் நாளில் அவளுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. சீட்டில்லாத வீடுகளைப் பக்கத்தில் தேடி எடுத்து, தன் வீட்டுக்காரர் கிங்ஸ்லிக்குச் சொல்ல வேண்டும். கிங்ஸ்லி, காவல் படகு ஓட்டுகிறவன். ஆளுயர இரும்புச் சாவி ஒன்று படகில் இருக்கும். சீட்டில்லாத வீட்டு மூடியில் அதைச் செருகி, கிங்ஸ்லியும் அவன் கூட்டாளி டைட்டஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினால் மூடி இறுகும். சாவித்துளை வெளிப்பக்கம் மட்டும்தான் உண்டு. உள்ளே வைத்தால் பயத்தில் எவராவது பாதிக் கடலில் திறந்துவிடுவார்கள் என்று ஊர்ச் சங்கத்தில் பேசி முடிவெடுத்தது. வீட்டுக்கு ஒரு சாவி கொடுக்கலாமே என்று கேட்டதற்கும், பிள்ளைகள் கடலில் போட்டுவிடும் என்று சொல்லி ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். எல்லா வீட்டையும் மூடிவிட்டுப் படகு கொட்டிலுக்குள் நுழைந்ததும் ஆபீசில் சைரன் கொடுப்பார்கள். சீட்டுள்ள வீடுகள் அதையும் ஓர் அலையாக எடுத்துக்கொண்டு தாங்களாகவே மூடிக்கொள்ளும்.

பெல்சியா ஒரு வரி எழுதித் தட்டினாள். ஆன்வேவ் இல்லாத வீடுகள் எல்லாம் வா. வந்தன. கிங்ஸ்லிக்கு அனுப்பினாள். படகு கிளம்பிப் போயும் விட்டது. அதற்குப் பிறகுதான் நூர்தீன் ஸார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார்.

அவர்தான் ஆபீசுக்குத் தலைவர். காயல்பட்டினத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் சுத்தம் என்றால் ஒரு கிறுக்கு. மழைக்கும் வெயிலுக்கும் குடையில்லாமல் நடக்க மாட்டார். உள்ளே வந்ததும் அந்தக் குடையை ஆபீஸ் கதவின் உள்பக்கம் இருந்த ஒரு துருப்பிடித்த துளையில் மாட்டினால்தான் அவருக்கு நாள் விடிந்த மாதிரி.

“என் வீடு ஏம்மா இதுல நிக்கி?” என்றார்.

சீட்டு இல்லையாம் ஸார் என்றாள் பெல்சியா. இல்லைதான், ஆனால் மூடுமே என்றார் அவர். பெல்சியாவுக்குப் புரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். சீட்டை வீட்டின் நெற்றியில் ஒட்டுவது பழைய பழக்கமாம். படித்தவர்கள் அப்படி எழுத மாட்டார்களாம். வீட்டைச் சுத்தமாக விட்டுவிட்டு, வேறோர் இடத்திலிருந்து அதற்கு ஒரு காது வைப்பார்களாம். சைரன் அடித்தால் அந்தக் காது கேட்டு மூடிவிடும்.

“காது வெச்சா அது வீட்டு மேல தெரியுமா ஸார்?”

“தெரியாது. அதுதானம்மா அதோட அழகு.”

“தேடினா கிடைக்குமா?”

 கிடைக்காது என்று நூர்தீன் ஸார் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டின் மேல் எழுதியிருப்பதைத்தான் தேட முடியும். எங்கேயோ இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் காதைத் தேடிப் பிடிக்க வழியே கிடையாது. வடக்கு வரிசை முழுவதும் இன்ஜினியர்கள் வீடு. அத்தனை பேருக்கும் சுத்தமாக எழுதச் சொல்லிப் பாடம் எடுத்தவர் இவரேதான். ஆக, பெல்சியா எடுத்த பட்டியல் முக்கால்வாசியும் வடக்கு வரிசையாக இருந்தது. யாருக்கு உதவியே வேண்டாமோ அவர்கள் வாசலுக்கு ஊரின் ஒரே காவல் படகும் ஒரே சாவியும் போய்க்கொண்டிருந்தன.

பெல்சியா ரேடியோவை எடுத்தாள். கிங்ஸ்லி ஏற்கெனவே கடுப்பில் இருந்தான். ரெண்டு வீட்டில் சாவியைப் போட்டதற்கு உள்ளேயிருந்து சிரிக்கிறார்களாம், தம்பி எங்களுக்கு வேண்டாம் வேற எங்கயாவது போ என்கிறார்களாம். அங்கேயே நில்லுங்க, மறுபடி கூப்பிடுதேன் என்று வைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சீட்டில்லாத வீடு மூடும் என்றால், சீட்டுள்ள வீடு எல்லாம் மூடும் என்று யார் சொன்னது?

தெற்கு வரிசையில் அவள் தங்கச்சி ரோஸ்லின் இருந்தாள், கைக்குழந்தையோடு. மீன்பிடிக்கிறவர்களும் சந்தைக்காரர்களும் வாழும் வரிசை. எல்லா வீட்டிலும் சீட்டு உண்டு. சீட்டு இருந்தால் வாசலில் பச்சை விளக்கு எரியும், தெற்கு வரிசை ராத்திரியில் பச்சைப் பசேலென்று இருக்கும். பெல்சியா தங்கச்சியைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு மூடி கடைசியாக எப்போது விழுந்தது என்று கேட்டாள்.  “அக்கா, திட்டாத” என்று குரல் வந்தது.

திட்டாத என்று தொடங்கினாலே திட்ட வேண்டிய விஷயம்தான். தெற்கு வரிசை திறந்த கடலைப் பார்த்தது. சின்ன அலை வந்தாலும் மூடி டமாரென்று விழும். அலை அடங்கும்வரை திறக்கவும் திறக்காது. வெளியே போன மனுசன் வெளியே, வெந்த சோறு உள்ளே. பிள்ளை தூக்கிவாரிப் போட்டு அழும். வரிசையே சேர்ந்து ரெக்ஸ் என்ற மெக்கானிக்கைப் பிடித்தார்கள். சீட்டைக் கிழித்தால் பச்சை விளக்கு அணைந்துவிடும், ஆபீசிலிருந்து ஆள் வந்துவிடும் என்று அவன் ஒரு வழி சொன்னான். சீட்டு இருக்கட்டும், உள்ளே எழுதியிருக்கிற ‘மூடு’வை மட்டும் அழித்துவிட்டு வேறு எதையாவது எழுதிவிடலாம். விளக்குக்குச் சீட்டு இருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்க்காது.

“வேற என்னட்டி எழுதினிய?”

“ஆளுக்கு ஒண்ணுக்கா. நாங்க பனிமய மாதாவே துணைன்னு எழுதச் சொன்னோம்.”

பெல்சியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. எத்தனை வீட்டில் இப்படி என்று கேட்டாள். ரோஸ்லினுக்குத் தெரியவில்லை, சிலர் செய்தார்கள், சிலர் பயந்து விட்டுவிட்டார்கள், வெளியில் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ரெக்ஸைக் கேட்கலாம் என்றால் அவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது எல்லாச் சீட்டுக்கும் அவன் போட்ட பாஸ்வேர்டும் அவனோடு போய்விட்டது. ஆபீசிலிருந்தே திருத்திவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். முன்பு முடிந்தது. சங்கத்துத் தகராறில் ஒரு தலைவர் தனக்குப் பிடிக்காதவன் வீட்டை மூடிவைத்துப் பெரிய ரகளையானது. அதிலிருந்து ஆபீஸ் எந்த வீட்டையும் தேடலாம், படிக்கலாம், எழுதக் கூடாது. நல்ல சட்டம்தான். நல்ல சட்டத்துக்கும் புயல் வருமென்று யார் கண்டது?

ஒரு வேகத்தில் பெல்சியா ‘மூடு’ என்று அப்படியே எழுதியிருக்கும் வீடுகளை மட்டும் தேடிப் பார்த்தாள். ஊரில் பாதிகூடத் தேறவில்லை. ஒருவன் ‘வாசலை அடை’ என்று எழுதியிருந்தான், ஒருத்தி வேறெங்கோ எழுதிவைத்த பெரிய கட்டளையை இங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். அவையும் மூடும். நடுநடுவே மாதாவும் அந்தோணியாரும். எது வேலை செய்யும், எது செய்யாது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தால் ஊர் முக்குளித்து எழும்பியே விடும். ஜன்னலுக்கு வெளியே வானம் ஈயத்தட்டு மாதிரி மங்கிக்கொண்டிருந்தது.

“கூப்பிட்டுப் பார்ப்போம் ஸார்” என்றாள்.

அவருக்கு உடனே புரிந்தது. புரிந்ததால்தான் முகம் வெளிறியது. சைரனை இப்போதே கொடுத்துவிடலாம். மூடுகிற வீடெல்லாம் மூடும், எது காதால் மூடியது எது சீட்டால் மூடியது என்று நமக்கு என்ன கவலை. மூடாத வீடு மட்டும் கண்ணுக்கு எதிரே திறந்து நிற்கும். கிங்ஸ்லி நேரே அங்கே போய்ச் சாவியைப் போட வேண்டியதுதான். இதைவிடச் சுத்தமான பட்டியல் உலகத்திலேயே கிடையாது.

ஆனால் படகு உள்ளே வருமுன் சைரன் கொடுத்தால் அது பொய்ச் சைரன், சிறை. அதுகூடப் பரவாயில்லை. சைரனில் மூடியது எதுவும் கடல் அடங்கும்வரை திறக்காது. நூர்தீன் ஸார் மெதுவாகச் சொன்னார்.

“படகுக் கொட்டிலும் மூடிரும்மா. கிங்ஸ்லி எங்க போவாரு?”

கொட்டில் ஆபீஸ் சொத்துதானே, அதன் காதை மட்டும் கழற்றிவிடுங்கள் என்று பெல்சியா பதறினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காதை வைத்தவர் அவர்தான், ஆனால் பேர் வைக்காமல் வைத்திருந்தார். பேரில்லாத காதை எதைச் சொல்லிக் கழற்றுவது? வைத்தவனாலேயே முடியாது. பேர் வைக்காமல் எழுதுவதும் அப்போது ஒரு சுத்தமாகத்தான் பட்டதாம்.

 ஒரு பக்கம் தங்கச்சியும் பச்சைப்பிள்ளையும் இன்னும் யார் யாரோ. மறுபக்கம் அவள் மனுசன். சைரன் கொடுக்காமல் விட்டால் அவர் பத்திரமாகக் கொட்டிலுக்கு வந்துவிடுவார். தெற்கு வரிசை போகும். கொடுத்தால் தெற்கு வரிசை பிழைக்கும். அவர் திறந்த கடலில், மூடிய ஊருக்கு வெளியே நிற்பார். அவள் ரேடியோவில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒளிக்கவில்லை. 

“ரோஸி வீடும் அதுலயா?” என்றான் கிங்ஸ்லி.

“ஆமாங்க.”

“பொறவு என்ன யோசன பெல்சி, கொடு.”

டைட்டஸைக் கேளுங்க என்றாள். டைட்டஸின் அக்கா வீடும் தெற்கு வரிசைதான், அவன் ஏற்கெனவே படகைத் திருப்பிவிட்டான் என்றான் கிங்ஸ்லி. தங்களுக்கு ஓர் இண்டு இடுக்கு கிடைக்காமலா போகும் என்று சிரிக்கவும் செய்தான். அவன் பொய் சொல்லும்போது எப்படிச் சிரிப்பான் என்று பெல்சியாவுக்குத் தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, அதற்குப் பிறகு நூர்தீன் ஸார் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கோயில் மணியை அடிக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில், வெளியே நிற்கிறவர்கள் தங்கள் வீட்டைத் தேடி ஓட வேண்டாம், எந்த வீடு கிட்ட இருக்கிறதோ அதற்குள் ஏறிக்கொள்ளுங்கள் என்று கத்தினார். சந்தையிலிருந்து மீன் கூடைகளோடு கிளம்பிய தெற்கு வரிசைப் பெண்கள் வடக்கு வரிசை இன்ஜினியர்கள் வீட்டுக் கூடத்தில் போய் ஏறினார்கள். கம்பளத்தில் கூடையை வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாளாம். வை தாயி வை என்றாராம் வீட்டுக்காரர். புயல் வந்தால் இதெல்லாம் நடக்கும்.

வெளியே ஆள் நடமாட்டம் ஒழிந்தது. சிறைக்குப் போவதென்றால் நான் போகிறேன், பொத்தானை என்னிடம் விடு என்றார் நூர்தீன் ஸார். பெல்சியா விடவில்லை. அது அவள் கொடுக்க வேண்டிய சைரன். அழுத்தினாள்.

அம்மாடியோ, அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். விளக்குக் கம்பங்களின் காமிராக்களில் ஊர் முழுவதும் திரையில் விரிந்து கிடந்தது. முதலில் கோயில் மூடியது. பிறகு வடக்கு வரிசை, வாத்தியாருக்குப் பயந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக மூடியது. நூர்தீன் ஸார் வீடு மூடியதும் அவர் கண்ணை மூடி ஏதோ ஓதினார். சந்தை மூடியது. கொட்டில் மூடியது, பெல்சியா அதை மட்டும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடு வரிசைகள் மூடின. தெற்கில் ஒன்று மூடியது, அடுத்தது மூடவில்லை, அதற்கடுத்த இரண்டு மூடின, ஒன்று மூடவில்லை. பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே திறந்து நின்றது. வடக்கிலும் ஒன்று நின்றது என்று பிறகுதான் பார்த்தார்கள். நூர்தீன் ஸாரிடம் படித்துவிட்டு, சுத்தமாக எழுதுவது எப்படி என்று ஊருக்கே வகுப்பெடுக்கிற ஒரு பெரிய இன்ஜினியர் வீடு. அவர் சீட்டும் ஒட்டவில்லை, காதும் வைக்கவில்லை. எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பெல்சியா திறந்த வீடுகளைச் சொல்லச் சொல்லப் படகு பறந்தது. இடப்பக்கம் மூணாவது. நீலப் பெயின்ட் அடிச்சது. அடுத்தது ரோஸி வீடு. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது, இருவரும் ஒவ்வொரு வீட்டுக் கூரைமேலும் குதித்துச் சாவியைச் செருகித் திருகினார்கள், மறுபடி குதித்தார்கள். பெல்சியா நாற்காலியில் உட்காரவே இல்லை. நூர்தீன் ஸார் அவளுக்குப் பின்னால் நின்று, திருகு, திருகு, அப்படித்தான் என்று பந்தயம் பார்க்கிற ஆள் மாதிரி கத்திக்கொண்டிருந்தார்.

“ரோஸி வீடு மூடியாச்சு” என்றான் கிங்ஸ்லி மூச்சிரைக்க. “பிள்ள தூங்குது.”

கடைசியாக அந்தப் பெரிய இன்ஜினியர் வீடு. அதுவும் மூடியது. திரையில் இப்போது ஒரு வீடும் திறந்திருக்கவில்லை. எண்ணிப் பார்த்தாள், மறுபடி எண்ணினாள். சந்தோஷத்தில் நூர்தீன் ஸார் அவள் தோளைத் தட்டிவிட்டு, பிறகு எதை நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

அலைமானியின் முள் ஏறிக்கொண்டிருந்தது. ஊர் இறங்கப் போகிறது. ரேடியோவில் கிங்ஸ்லி, படகைக் கோயில் கோபுரத்தில் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். கோபுரமும்தான் முங்கும் என்று இருவருக்கும் தெரியும். பெல்சியா என்னென்னவோ பேசினாள். காலையில் உப்புப் போதவில்லை என்று அவன் சொன்னதற்குச் சண்டை போட்டது தப்பு என்றாள். உப்பு கம்மிதான் என்றான் அவன்.

அப்போது அவள் காலில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தாள். தண்ணீர். மேசையிலிருந்து காகிதம் ஒன்று பறந்து அவள் முகத்தில் ஒட்டியது.

“காத்து எங்கேருந்து வருது ஸார்?”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நூர்தீன் ஸாரின் குடை துளையில் மாட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் கதவு அகலத் திறந்து கிடந்தது.

அது மூடவில்லை. எப்படி மூடும்? ஆபீஸுக்குச் சீட்டு இல்லை, காதும் இல்லை. பெல்சியாவின் பட்டியலிலும் அது வரவில்லை, காமிராவிலும் தெரியவில்லை. காமிராக்களைப் பார்த்துக்கொண்டிருந்ததே ஆபீஸ்தானே. நூர்தீன் ஸார் தலையில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பக்கத்துக்குள்ளே இருப்பதைத்தானம்மா தேட முடியும், நாம் உட்கார்ந்திருப்பதே பக்கம், பக்கம் தன்னையே எப்படித் தேடிக்கொள்ளும் என்றார். ஊரில் திறந்திருக்கிற ஒரே வாய் அவர்களுடையது. மூடச் சாவி கிடையாது. சாவி இருந்தாலும் துளை எங்கே—

பெல்சியா குடையைப் பார்த்தாள். குடை மாட்டியிருந்த துளையைப் பார்த்தாள். ஊரில் முதன்முதலாகக் கட்டிய கட்டடம் அது. உள்ளே துளை கூடாது என்று சங்கம் முடிவெடுப்பதற்கு முன்பே கட்டியது. நூர்தீன் ஸார் இத்தனை நாளும் தன் குடையைச் சாவித்துளையில்தான் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் ரேடியோவைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் கம்பி அறாதது அதிசயம்.

“இங்க வாங்க. ஆபீசுக்கு வாங்க.”

“ஆபீஸ் மூடியிருக்குமேட்டி.”

“மூடல. சாவியோட வாங்க.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அது சிரிப்பு. இந்த முறை பொய்ச் சிரிப்பு இல்லை. டைட்டஸ், ஏல திருப்பு, திருப்பு என்று கிங்ஸ்லி கூவினான். பெல்சியா வாசலுக்கு ஓடினாள். முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மழைக்குள்ளிருந்து அந்தப் படகு முளைத்து வருவதைப் பார்த்தாள். ஓர் அலை படகைத் தூக்கியது, அடுத்த அலை அதை ஆபீஸ் வாசலை நோக்கி எறிந்தது என்றே சொல்ல வேண்டும். டைட்டஸ் முதலில் உள்ளே விழுந்தான். சாவி விழுந்தது. சாவிக்குப் பின்னால் கிங்ஸ்லி விழுந்தான். படகு திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலோடு போனது.

அவன் எழுந்து அவளைப் பார்க்கவில்லை, நேரே கதவைத் தள்ளினான். நாலு பேருமாகத் தள்ளினார்கள். குடையை யாரோ பிடுங்கி எறிந்தார்கள். கிங்ஸ்லி சாவியைச் செருகினான். துரு பிடித்திருந்தது, அசைய மாட்டேன் என்றது. பெல்சியாவும் நூர்தீன் ஸாரும் ஒரு பக்கம், கிங்ஸ்லியும் டைட்டஸும் மறுபக்கம். ஏலேலோ போடாத குறைதான். கிரீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தண்ணீர் வருவது நின்றது.

ஊர் மெதுவாகக் கீழே இறங்கியது. காது அடைத்தது. புயல் இரைச்சல் சட்டென்று எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. அப்போதுதான் பெல்சியா தன் மனுசனின் நனைந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இனிமே உப்பு நீங்களே போட்டுக்கிடுங்க என்று அழுகைக்கு நடுவே சொன்னாள்.

கடல் அடங்கி ஊர் எழும்பியபோது ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சங்கம் கூடியது. பொய்ச் சைரனுக்குத் தண்டனை பற்றி ஒருவர் பேச எழுந்தார், தெற்கு வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள், அவர் உட்கார்ந்துவிட்டார். சாவிகள் நிறையச் செய்தார்கள். மூடிகளுக்கு உள்ளேயும் துளை வைத்தார்கள். ரெக்ஸிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, சின்ன அலைக்கு விழாத மாதிரி சீட்டுகளைத் திருத்தி எழுதினார்கள். மாதா பேரை மட்டும் அழிக்க மனமில்லாமல், ‘மூடு’ என்பதை அதற்குக் கீழே எழுதினார்கள்.

ஆபீஸ் கதவுக்கும் ஒரு சீட்டு ஒட்டிவிடலாம், அல்லது காதாவது வைக்கலாம் என்று நூர்தீன் ஸார் கேட்டபோது பெல்சியா வேண்டாம் என்றுவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை. இன்றைக்கும் முத்துத்திட்டில் சைரன் கொடுத்தால் எல்லாம் தானாக மூடும், அந்த ஒரு கதவைத் தவிர. சைரன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று, வெளியே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வராது என்று தெரிந்தாலும் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கையால் மூடலாம்.

நூர்தீன் ஸார் குடையை இப்போது ஓர் ஆணியில் மாட்டுகிறார்.